படக்கருவி ஏன் இயங்கவில்லை?

சுங்கை பூலோவில் உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டுள்ளன. வகுப்பறை கணினித் திரைக்கு இடம் மாறிவிட்டது. அந்த வீட்டில் இருப்பதோ உறவினர் கொடுத்த பழைய மேசைக்கணினி. அதில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். அண்ணன் முன்பு பயன்படுத்திய இணையப் படக்கருவியைத் தங்கை அதில் பொருத்துகிறாள். மறுநாள் காலையில் அவள் ஆசிரியர் முன்னிலையில் பேச வேண்டும். ஆனால், திரை கறுப்பாகவே இருக்கிறது.

“இது கெட்டுப்போச்சு. புதுசுதான் வாங்கணும்,” என்கிறான் அண்ணன். கணினிக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. அப்பாவுக்கும் சில நாள்களாக வேலையில்லை.

படக்கருவி உண்மையிலேயே கெட்டுவிட்டதா? நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று அறிந்த பின்னரே அதைத் தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது திருவள்ளுவர் மருத்துவருக்குச் சொன்ன அறிவுரை. அது கணினிக்கும் பொருந்தும். அதற்கு முதலில், படக்கருவியும் கணினியும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதை அறிய வேண்டும்.

படக்கருவி ஒரு மொழியில் பேசுகிறது. இயங்குதளம் வேறொரு மொழியில் பேசுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் மென்பொருளே ‘இயக்கி’ எனப்படும். ஆகவே, படம் தெரியாததற்குக் காரணம் கருவியில் இருக்கலாம், இணைப்பில் இருக்கலாம், இயக்கியில் இருக்கலாம், அதைப் பயன்படுத்தும் செயலியிலும் இருக்கலாம். இவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறையாகும்.

முதல் கேள்வி: கருவிக்குப் போதிய மின்சாரம் கிடைக்கிறதா? யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்று அதிகபட்சமாக 500 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை வழங்கும். தனி மின்னிணைப்பு இல்லாத கிளைப்பெட்டியில் பல கருவிகளைச் செருகினால், அவை அந்த மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ள நேரிடும். எனவே, படக்கருவியைக் கணினியிலேயே நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: கணினி அக்கருவியைக் காண்கிறதா? லினக்ஸ் முனையத்தில் ‘எல்.எஸ்.யு.எஸ்.பி.’ என்னும் கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், புள்ளியும் இடைவெளியுமின்றித் தட்டச்சு செய்தால், இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் தோன்றும். ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என இரண்டு எண்கள் இருக்கும். அவை கருவியின் அடையாள அட்டையைப் போன்றவை. பட்டியலில் படக்கருவி இல்லையென்றால், கம்பியையோ துளையையோ கருவியையோ ஐயுற வேண்டும்.

மூன்றாம் கேள்வி: அதற்குரிய இயக்கி கிடைத்ததா? கருவியைச் செருகியவுடன் நிகழ்ந்தவற்றை ‘டி-மெசேஜ்’ என்னும் பதிவு காட்டும். இயக்கியின் பெயர் அதில் காணப்பட்டால், மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார் என்று பொருள்.

நான்காம் கேள்வி: செயலிக்கு அனுமதி உண்டா? இணைய உலாவிக்குப் படக்கருவியைப் பயன்படுத்த நாம் இசைவு அளித்திருக்க வேண்டும். வேறொரு செயலி ஏற்கெனவே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தாலும் படம் வராது. வில்லையை மூடியிருக்கும் சிறு மூடியைத் திறக்க மறந்தவர்களும் உண்டு!

தங்கை இக்கேள்விகளை வரிசையாகக் கேட்கிறாள். கிளைப்பெட்டியிலிருந்து கம்பியைக் கழற்றிக் கணினியில் நேராகச் செருகுகிறாள். இதுவரை பட்டியலில் இல்லாத எண்கள் இப்போது தோன்றுகின்றன. பதிவில் ‘ஜி.எஸ்.பி.சி.ஏ.’ என்னும் இயக்கியின் பெயர் தெரிகிறது. சற்று நேரத்தில் அவளுடைய முகமும் திரையில் தெரிகிறது. கெட்டுப்போனது படக்கருவியன்று, மின்சாரம்தான் போதவில்லை.

அந்த இயக்கிக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பு ஒவ்வொரு நிறுவனத்தின் படக்கருவியும் ஒவ்வொரு வகையில் பேசியது. லினக்சுக்கான இயக்கியைப் பல நிறுவனங்கள் வழங்கவில்லை. பிரான்சைச் சேர்ந்த மிஷேல் க்ஸார்ட் என்னும் மருத்துவர், தம் தொழிலுக்கிடையே 200க்கும் மேற்பட்ட படக்கருவி வகைகளை லினக்சில் இயங்கச் செய்தார். அவருடைய பணியை மற்றவர்கள் தொடர்ந்து செப்பனிட்டனர். 2008ஆம் ஆண்டில் அது லினக்சின் உட்கருவிலேயே சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில், 2003இல் உருவான யு.வி.சி. என்னும் பொதுத் தரத்தைப் பின்பற்றும் படக்கருவிகளுக்கான இயக்கியும் அதில் சேர்ந்தது. அதனால்தான் இன்றைய படக்கருவிகள் பெரும்பாலும் செருகியவுடனே இயங்குகின்றன.

இது திறந்த மூல மென்பொருளின் சிறப்பு. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ஒருவர் தீர்த்த சிக்கலை மற்றவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து தீர்க்க வேண்டியதில்லை. ஒரு மருத்துவர் தம் ஓய்வு நேரத்தில் எழுதிய வரிகள், அவர் பார்த்தேயிராத ஒரு மாணவிக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கைகொடுக்கின்றன.

ஆகவே, ஒரு கருவி இயங்காதபோது அதைக் குப்பையில் போட விரையாதீர்கள். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். விடை கிடைத்தால் அதைக் குறித்து வையுங்கள். நாளை அதே சிக்கலில் தவிக்கும் வேறொருவருக்கு உங்கள் குறிப்பு உதவக்கூடும்.