புதிய வியாபாரத்துக்குக் கணக்காளர் எதற்கு?

"கடையைத் திறந்து ஓரிரு வருடம் போகட்டும், வியாபாரம் பெருகிய பிறகு கணக்காளரைப் பார்ப்போம்" என்றே எமது வர்த்தகர்களுள் அநேகர் கூறுவர். வரிக் கடிதம் வந்தால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய ஆள்தான் கணக்காளர் என்ற எண்ணமே இதற்குக் காரணம். சிறு வியாபாரிகளின் கணக்குகளைப் பார்த்து வருபவன் என்ற வகையில் நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. கடைக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பே அவரைச் சந்தியுங்கள். கைச்சாத்திட்ட பின் அவரால் மாற்றக்கூடியது சொற்பமே.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒருவர் 30 இலட்சம் ரூபா முதலுடன் புடைவைக் கடை தொடங்குகிறார். முற்பணம் 10 இலட்சம், அலுமாரி, விளக்கு, பெயர்ப்பலகை 5 இலட்சம், மீதி 15 இலட்சத்துக்கும் சாமான். கையில் காசு இல்லை. மாதம் 10 இலட்சத்துக்கு விற்கிறார், நூற்றுக்கு 20 இலாபம். அப்படியென்றால் மாதம் 2 இலட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இனிச் செலவைப் பாருங்கள். வாடகை 60,000. இரண்டு பணியாளர்களுக்கு 80,000. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம், ஆக 12,000. மின்சாரம், தொலைபேசி 15,000. லொறிக் கூலி 13,000. மொத்தம் 180,000. எஞ்சுவது 20,000 மட்டுமே. ஆனால் வீட்டுச் செலவுக்கென்று லாச்சியிலிருந்து மாதம் 60,000 எடுக்கிறார். மாதாமாதம் 40,000 ரூபா முதலிலிருந்து கரைகிறது.

இது ஒரு வருடத்துக்கு அவருக்கே தெரியாது. புறக்கோட்டை மொத்த வியாபாரி கடனுக்குச் சாமான் தருவதால் கடை நிறைந்தே இருக்கும். பின்திகதியிட்ட காசோலைகள் வரிசையாக வங்கிக்கு வரும்போதுதான் விடயம் வெளிப்படும். அதற்குள் 480,000 ரூபா போய்விட்டிருக்கும். கணக்காளர் ஒருவர் அரை மணித்தியாலத்தில் இதைக் கூறியிருப்பார்: 180,000 உடன் 60,000 சேர்த்தால் 240,000, நூற்றுக்கு 20 வீதத்தில் அதை ஈட்ட மாதம் 12 இலட்சத்துக்கு விற்றாக வேண்டும். அந்தத் தெருவில், அந்த வாடகையில் அது நடக்குமா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

அடுத்தது வியாபாரத்தின் வடிவம். தனி உரிமையா, பங்குடைமையா, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியா? கம்பனி என்றால் கௌரவம் என்று நினைத்துப் பதிவு செய்பவர்கள் உண்டு. வருடாந்த அறிக்கை, கணக்காய்வு எல்லாம் கூடவே வரும் என்பது பிறகுதான் தெரியும். பங்குடைமையில் வேறொரு சிக்கல். மச்சானும் மச்சானும் வாய்வார்த்தையில் ஆளுக்கு 20 இலட்சம் போடுவார்கள். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, முதல் 1000 ரூபாவுக்கு மேற்பட்டால் பங்குடைமை ஒப்பந்தம் எழுத்தில் கைச்சாத்திடப்பட்டிருக்க வேண்டும். பிணக்கு வந்தபின் அதைத் தேடிப் பயனில்லை. யார் எவ்வளவு போட்டார், கடையில் நிற்பவருக்குச் சம்பளம் உண்டா, ஒருவர் விலகினால் சாமானை எந்த விலைக்கு மதிப்பது என்பவற்றைக் கணக்காளரை வைத்துப் பேசி, சட்டத்தரணியைக் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருமான வரியின் மதிப்பாண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி மார்ச் 31இல் முடியும், விபரத்திரட்டு நவம்பர் 30க்கு முன் சேர வேண்டும். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யும் எல்லை ஓரிடத்தில் நிற்பதில்லை. வருட விற்பனை 2020இல் 30 கோடியாக இருந்தது, 2022 ஒக்டோபரில் 8 கோடியானது, 2024 ஜனவரியில் 6 கோடியானது. மாற்றங்களைக் கவனித்துச் சொல்ல ஆள் வேண்டும். சேமலாப நிதிக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது, ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும்.

எப்படிப்பட்டவரைத் தெரிவு செய்வது? மாதாந்தக் கணக்கு எழுத பட்டயக் கணக்காளர் தேவையில்லை, ஏஏடி முடித்த ஒருவர் போதும், கட்டணமும் குறைவு. கம்பனியின் கணக்காய்வுக்குத் தகைமையுள்ள கணக்காய்வாளர் அவசியம். "வங்கிக்கு ஒரு கணக்கு, வரிக்கு ஒரு கணக்கு செய்து தருகிறேன்" என்று சொல்பவரிடம் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு கணக்கிலும் கையொப்பம் உங்களுடையதாகவே இருக்கும்.

கணக்காளரை அமர்த்தினாலும் கடையில் மூன்று கொப்பிகளை நீங்களே வைத்திருக்க வேண்டும்: அன்றாட விற்பனை, கடன் கொடுத்தது, கடன் வாங்கியது. வீட்டுக்கு எடுக்கும் காசையும் முதலாவது கொப்பியிலேயே எழுதுங்கள். வருடத்தில் ஒரு நாள் கடையை மூடிச் சாமானை எண்ணுங்கள். ஸக்காத் கணக்கிடும்போதும் அந்தப் பட்டியலே கைகொடுக்கும்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது வாடகை ஒப்பந்தத்தின் வரைவு, சாமான் தருபவர்களின் விலைப்பட்டியல், கைவசமுள்ள காசின் உண்மையான தொகை ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். தொகையைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல வேண்டாம்.