டாலஸ் அக்காவின் கணக்கும் ஒரகடம் ஷிஃப்ட்டும்

கேள்வி: ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மொத்தச் சம்பளம் 19,000 ரூபாய். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. ஐ.வி.எஃப் வரை போக வேண்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர். அதற்காக அடிக்கடி சென்னைக்குப் போய்வரும் செலவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. டாலஸில் இருக்கும் பெரியம்மா மகள், ‘மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து பெட்ரோல், ஓட்டல் வாடகைகூட எடுத்தேன்’ என்கிறார். இங்கே அப்படி ஒன்று உண்டா? — ஒரகடம் வாசகி

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் அக்கா சொன்னது உண்மைதான். அமெரிக்காவில் 2004 முதல் அந்தக் கணக்கு இருக்கிறது. சிகிச்சைக்கென்றே போகும் பயணத்துக்கு அதிலிருந்து எடுக்கலாம். தங்கும் செலவுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 டாலர் வரை. வழியில் சாப்பிடும் சாப்பாட்டுக்குக் கிடையாது. ஆனால் அது யாரும் இனாமாகக் கொடுக்கும் பணமில்லை. அவர் சம்பாதித்ததுதான், வரி பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவே. 19,000 சம்பளத்தில் உங்களுக்கு வருமான வரியே இல்லை. அந்தக் கணக்கு நாளைக்கே இங்கே வந்தாலும் உங்களுக்கு ஒரு ரூபாய் மிச்சமாகாது.

உங்கள் கையைக் கடிக்கப்போவது டிக்கெட்டா? சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். ஒரகடத்திலிருந்து தாம்பரம், அங்கிருந்து எழும்பூருக்கு மின்சார ரயில் என்றால் சில்லறைக் காசுதான். போகும் ஒவ்வொரு நாளும் ஒரு ஷிஃப்ட் போகிறதே, அதைக் கணக்கில் எழுதுங்கள். லீவு எடுத்தால் அட்டென்டன்ஸ் போனஸை வெட்டும் கம்பெனி என்றால் நஷ்டம் இன்னும் கூடும்.

21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளம் என்பதால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ இருக்கும். மாதம் 142 ரூபாய் 50 காசு உங்களிடம் பிடிக்கிறார்கள், 617 ரூபாய் 50 காசு கம்பெனி கட்டுகிறது. உடல்நலமில்லாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை தருவார்கள். ஆனால் ஈ.எஸ்.ஐ மருத்துவரின் சான்று வேண்டும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. ஸ்கேனுக்காக ஒருநாள் போய்வருவதெல்லாம் இதில் அடங்காது என்று பொருள். அதற்கு ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வையுங்கள். வருஷத்தில் 180 நாள் வேலை பார்த்தவருக்கு, 20 நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டப்படி உண்டு.

ஐ.வி.எஃப்பில் எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. மாதவிலக்கின் இரண்டாம் நாள் வாக்கில் ஸ்கேன், பிறகு தினசரி ஊசி, நடுவில் சில ஸ்கேன். இந்த ஸ்கேன்களை ஸ்ரீபெரும்புதூரிலோ காஞ்சிபுரத்திலோ எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பினால் ஏற்பார்களா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஊசியை நீங்களே போட்டுக்கொள்ளக் கற்றுத் தருவார்கள். கடைசி ஊசிக்குப் பின் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பது மட்டும் தள்ளிப்போட முடியாதது. சூப்பர்வைசரிடம் காரணம் சொல்ல வேண்டாம், தேதியை முன்கூட்டிச் சொன்னால் போதும்.

தனிநபர் இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பெரும்பாலும் குழந்தையின்மை சிகிச்சையை விலக்கியே வைத்திருக்கின்றன. சில கம்பெனிகளின் குரூப் பாலிசியில் சேர்த்திருப்பார்கள், ஹெச்.ஆரில் விசாரியுங்கள். பி.எஃப் பணத்தைப் பயணத்துக்காகத் தொடாதீர்கள். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் நடத்துகிறது. தனியாரிடம் போகுமுன் அங்கே ஒருமுறை காட்டுங்கள்.

இன்னொன்று. இவ்வளவு எழுதிய நீங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்ததா என்று எழுதவில்லை. அதற்குச் சென்னை வர வேண்டியதில்லை, பக்கத்து லேபிலேயே செய்யலாம். இந்த வாரம் அவர் ஒரு ஷிஃப்ட் லீவு போடட்டும்.