மலையேற விரும்பும் மகன்

கடைவீதித் தகப்பன்மார்களுக்காக இதனை எழுதுகிறோம். பதினைந்து வயது மகன், ரெம்பாவ் பக்கத்திலுள்ள குனோங் டத்தோ மலையேற அனுமதி கேட்கிறான். "கல்லாவில் உட்காராதவனுக்கு மலை எதற்கு?" என்று அத்தா சீறுகிறார். மலை நம்மவர்க்கு அந்நியமன்று. 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய முதல் மலேசியர்கள் மகேந்திரன், மோகனதாஸ் என்னும் தமிழர் இருவரே.

மறுத்தால் ஆசை அடங்காது, சொல்லாமல் போவான். ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஆகவே, யாருடன் போகிறான், வழிகாட்டி உண்டா, வனத்துறையில் பதிந்தார்களா, எப்போது இறங்குவார்கள் என்று கேளுங்கள். சரக்கு வந்தால் சிட்டை பார்க்காமலா இறக்குகிறோம்?

பாறையைவிட ஓடைக்கே அஞ்ச வேண்டும். அடியில் வெயிலடிக்கும்போதே உச்சியில் பெய்த மழை திடீரென வெள்ளமாய் இறங்கும். மலாய்க்காரர் இதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். நீர் கலங்கிச் சருகு மிதந்தால் உடனே கரையேற வேண்டும். பை போனால் போகட்டும். இதை மகனுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

சப்பாத்து புதிதாக வேண்டாம். பழகியதுதான் இறக்கத்தில் காலைக் கடிக்காது.