படுகுக்கு ஒரு குறியீடு

கேள்வி: நான் பேசும் படுகு தனி மொழியா, கன்னடத்தின் கிளையா? கணினி என்ன சொல்கிறது?

பதில்: கேட்கும் பட்டியலைப் பொறுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு படுகைக் கன்னடத்தின் கீழ் எண்ணியது. 2007-ல் வெளியான ஐஎஸ்ஓ 639-3 என்ற மொழிக் குறியீட்டுத் தரமோ அதற்குத் தனி மொழியாகவே 'பிஎஃப்க்யூ' என்ற மூன்றெழுத்துக் குறியீட்டைத் தந்துள்ளது. படுகு, படகா, படுக பாஷை எனப் பெயர் எப்படி மாறினாலும் குறியீடு மாறாது. ஜெர்மனியின் குளோட்டோலாக் என்ற இணைய மொழிப் பட்டியல் இன்னும் ஒருபடி மேலே போகிறது: ஒவ்வொரு மொழிக்கும் நிலையான இணைய முகவரி, அதிலிருந்து தாய்க்குடும்பத்துக்கும் இலக்கண நூல்களுக்கும் இணைப்பு. அகராதியோ ஒலிப்பதிவோ அந்த முகவரியைச் சுட்டினால் எல்லாம் ஒன்றோடொன்று கோக்கப்படும். என்னைக் கேட்டால், படுகு தனி மொழிதான். நீங்கள் பாட்டியின் பேச்சைப் பதிவுசெய்தால், கோப்பில் அந்த மூன்றெழுத்தையும் மறக்காமல் குறித்துவையுங்கள்.