வயிற்றோட்டத்துக்கு முதல் மருந்து கரைசல்தான்

எட்டயபுரத்துக் கரிசல் வெயிலில் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால், "குளுக்கோஸ் ஏத்தணுமா டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். பெரும்பாலும் வேண்டியதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்; இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எத்தனை உயிர்கள் பிழைத்தன!

அந்தக் கரைசலுக்கான பொடிதான் ஓ.ஆர்.எஸ். அதன் பெரிய பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரையுங்கள். கொஞ்சம் பொடியை டம்ளரில் கண்ணளவாகப் போடவே கூடாது. உப்பு மிஞ்சினால் ஆபத்து. பாக்கெட் கிடைக்காவிட்டால் அதே 1 லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு, தலை தட்டி. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, சிறு கரண்டியால் மெல்ல மெல்லக் கொடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பிடும் பிள்ளைக்குக் குழைந்த சோறு, இட்லி கொடுக்கலாம். பட்டினி போடுவது பிள்ளையை இன்னும் வாட்டும். டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையை, வயிறு சரியான பிறகும் 14 நாள் முடியக் கொடுங்கள். ஆன்டிபயாடிக்கை நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம்.

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், சிறுநீர் குறைவு, எழுப்பினாலும் சோர்ந்து சரிவது, குடிப்பது எல்லாம் வாந்தியாவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.