ஆள் மாறாட்டக் காமெடி: மேடை ஏத்துறதுக்கு முன்னாடி நாலு விஷயம்

கல்லூரி விழாவுக்கு ஒரு காமெடி நாடகம் போடலாம்னு யோசிக்கிறீங்களா? ஷேக்ஸ்பியரின் 'காமெடி ஆஃப் எரர்ஸ்' நல்ல தேர்வு. அவர் நாடகங்களிலேயே சின்னது இதுதான். 1594 டிசம்பர் 28 இரவு, லண்டன் கிரேஸ் இன்னில் சட்ட மாணவர்களின் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் இது நடந்தது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போக, அந்த இரவுக்கே 'பிழைகளின் இரவு' என்று பெயர் வந்துவிட்டது!

கதை எளிது. கப்பல் விபத்தில் பிரிந்த இரட்டையர், இருவர் பெயரும் ஆன்டிஃபோலஸ். அவர்களின் வேலைக்காரர்களும் இரட்டையர், இருவர் பெயரும் ட்ரோமியோ. சிரக்யூஸ் ஜோடி, இன்னொரு ஜோடி வாழும் எஃபெசஸ் நகருக்கு வருகிறது.

1. முதல் காட்சியை வெட்டாதீங்க. தந்தை ஈஜியன் பேசும் நீண்ட வசனம் போரடிக்கும்னு பலருக்கும் தோன்றும். சுருக்கலாம், ஆனால் நீக்கக் கூடாது. இரட்டையர் இருக்கும் செய்தி பார்வையாளர்களுக்கு அங்கேதான் கிடைக்கிறது. மாலைக்குள் ஆயிரம் மார்க் கட்டாவிட்டால் அவருக்கு மரண தண்டனை என்பதும் அங்கேதான் தெரிகிறது.

2. முக ஒற்றுமை தேடி அலைய வேண்டாம். ஒரே மாதிரி உடை, ஒரே தொப்பி போதும். பார்வையாளர் அடையாளம் காண, கைக்குட்டை நிறத்தை மட்டும் மாற்றுங்கள்.

3. பொருட்களுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தங்கச் சங்கிலி ஒருவனிடம் போகிறது, பணம் இன்னொருவனிடம் கேட்கப்படுகிறது. பணப்பை வர வேண்டிய நேரத்தில் கயிறு வருகிறது. இதில் ஒன்று தப்பினாலும் கதை புரியாது.

4. சிரிக்க வைக்க நடிக்காதீங்க. "கொடுத்த பணம் எங்கே?" என்று எஜமான் கேட்கிறான். "சாப்பிட வாங்க" என்கிறான் தவறான ட்ரோமியோ. இருவருக்கும் தெரிந்தவரை இருவர் சொல்வதும் சரி. ஆனால் அடி விழுவது வேலைக்காரனுக்கு மட்டும். அந்த அடி வலிக்கிற மாதிரி நடிங்க. அப்போதான் கடைசியில் இரண்டு ட்ரோமியோக்களும் சந்திக்கும்போது, அதுவரை சிரித்த அரங்கம் கொஞ்சம் நெகிழும்.

ஒத்திகையின்போது ஒவ்வொரு காட்சிக்கும் யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரு அட்டவணை போடுங்கள். பாதிக் குழப்பம் தீரும். மீதிக் குழப்பம் மேடைக்குத் தேவை!