எட்டு நூல் ஒரு இன்ச்

டேப்பை நீட்டியதும் கோடுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். ஒரு இன்ச்சுக்குள் பதினாறு பாகம். எண்ணிக்கொண்டே போனால் பாதி வழியில் ஏழாவதா, எட்டாவதா என்று சந்தேகம் வந்தே தீரும். கோட்டின் உயரத்தைப் பாருங்கள், போதும்.

இன்ச்சின் நடுவில் உயரமாக நிற்பது அரை. அதற்கு இருபுறமும் கொஞ்சம் குட்டையாக இருப்பவை கால், முக்கால். அவற்றுக்கு நடுவே இன்னும் குட்டையானவை 1/8 வரிசை. ஆகச் சிறியவை 1/16. எல்லாமே பாதியின் பாதிதான். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு காகிதப் பட்டையை நான்கு முறை பாதியாக மடிக்கச் சொல்வேன். பிரித்தால் பதினாறு பாகம் இருக்கும். முதல் மடிப்பில் நீளக் கோடு, அடுத்ததில் அதைவிடச் சின்னது என்று அவர்களே வரைந்துவிட்டால் டேப் பிடிபட்டுவிடும். எட்டு நாலைவிடப் பெரியது, ஆகவே 1/8 தான் 1/4-ஐவிடப் பெரியது என்று வாதாடும் பிள்ளையும் மடிப்பைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

நான் அலமாரி வேலைகளில் இறங்கியபோது ஆசாரிகளிடம் பிடித்துக்கொண்டது நூல் கணக்கு. ஒரு நூல் என்றால் 1/8 இன்ச். எட்டு நூல் ஒரு இன்ச். கால் இரண்டு நூல், அரை நாலு, முக்கால் ஆறு. 5/8-உடன் 3/4-ஐக் கூட்டப் பொதுப் பகுதி தேட வேண்டாம். ஐந்தும் ஆறும் பதினொன்று, அதாவது ஒரு இன்ச் மூணு நூல். பதிமூணு இன்ச் ஆறு நூல் பலகைக்கு நடு எங்கே? பதிமூணில் பாதி ஆறு இன்ச் நாலு நூல், ஆறு நூலில் பாதி மூணு நூல். ஆக ஆறு இன்ச் ஏழு நூலில் பென்சில் கோடு. பாதி நூல் வந்தால்தான் 1/16 கோட்டைத் தேட வேண்டியிருக்கும்.

கழித்தலும் அப்படியே. அலமாரியின் வெளி அகலம் 20 இன்ச், இரு பக்கப் பலகையும் முக்கால் இன்ச் என்றால், பன்னிரண்டு நூல் போக உள்தட்டுக்கு 18 இன்ச் நாலு நூல். ஆனால் கடையில் ‘முக்கால் இன்ச் பிளைவுட்’ என்று கேட்டால் பெரும்பாலும் 18 மி.மீ. தருவார்கள். முழு முக்கால் இன்ச் 19.05 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்தால் தட்டு இரண்டு மி.மீ. போல லொடலொடக்கும். அதனால் வாங்கி வந்த பலகையின் தடிமனை முதலில் அளந்துவிடுவேன். மில்லிமீட்டரிலேயே கணக்குப் போட்டால் பின்னமே வேண்டாமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் கீல் மூணு இன்ச், திருகு ஒன்றரை இன்ச் என்று கடைக்காரர் எடுத்து வைக்கும்போது இரண்டு பாஷையும் தெரிந்திருப்பது நல்லது.

ரம்பத்தையும் கணக்கில் சேருங்கள். சுற்று ரம்பத்தின் பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறக்குறைய ஒரு நூல் மரத்தைத் தூளாக்கிவிடும். எட்டடிப் பலகையில் எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் குறித்துவிட்டு வெட்டினால், அடுத்தடுத்த துண்டுகள் அந்த அளவு குறையும். ஒன்றை வெட்டியபின் அடுத்ததைக் குறிப்பது நிதானமான வழி.

டேப் நுனிக் கொக்கி லேசாக ஆடினால் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டி அளக்கும்போதும் கொக்கியின் கனம் கணக்கில் வராமலிருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பிளம்பிங் சாமானிடம் மட்டும் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டாம். அரை இன்ச் சி.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டத்தை அளந்தால் டேப் ஐந்து நூல் காட்டும். சுவரில் துளை போடுகிறவர் ‘அரை’ என்ற பெயரை நம்பி நாலு நூலுக்குப் போட்டால் குழாய் நுழையாது.